சுவருக்குக் காய்ச்சல்

"கையை வச்சுப் பாருங்க தோன் சந்தாலியோ. சும்மா வையுங்க, கடிக்காது."

பக்கத்து வீட்டுப் பெரியவர் தோன் சந்தாலியோ கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி உள்ளங்கையைப் படுக்கையறைச் சுவரில் பதித்தார். மறுகணம் அவருடைய புருவங்கள் இரண்டும் நெற்றியில் ஏறின.

"டேய் அவுதீலியோ, இது சுவரா, இல்ல சினைப் பசுவோட வயிறா?"

அவுதீலியோ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மாத்தே மூலிகைத் தேநீர் தளும்பிச் சட்டையில் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் இரண்டாவது வாரம். பூமியின் இந்தத் தென்கோடியில் அப்போதுதான் குளிர் தொடங்கும். கொய்யைக்கே ஊரைச் சுற்றியிருந்த மலைகளில் லெங்கா மரங்கள் சிவந்து, உச்சிகளில் முதல் பனி வெளுத்திருந்தது. தெருவில் எல்லா வீட்டுப் புகைபோக்கிகளும் குமுறிக்கொண்டிருக்க, இந்த வீட்டு அடுப்பில் மட்டும் இரண்டே இரண்டு விறகு. படுக்கையறையில் அடுப்பே இல்லை. ஆனாலும் கட்டிலில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலைசீவிக்கொண்டிருந்த நான்கு வயது மைலேன் ஸ்வெட்டர் போடவில்லை.

"சுவருக்குக் காய்ச்சல், தாத்தா," என்றாள் மைலேன். "அப்பா சொன்னாரு. ஆனா அதுக்கு ஊசி போட வேண்டாமாம்."

அடுப்படியில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்த அவுதீலியோவின் மனைவி நோல்ஃபாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மைலேனுக்கு நெஞ்சு பலவீனம். போன குளிர்காலத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரியில் படுத்தாள். மூன்றாவது முறை முகத்தில் பிராணவாயு மூடியோடு ஒன்பது நாள். குளிரும் ஈரமும் விறகுப் புகையும் சேர்ந்து அந்தப் பிஞ்சு மார்பை அடைத்திருந்தன. பிப்ரவரியில் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் பமேலா, நோல்ஃபாவை உட்கார வைத்து நிதானமாகத்தான் சொன்னாள். "பிள்ளை படுக்கிற ரூம் விடிகாலையில பதினெட்டு டிகிரிக்குக் குறையக் கூடாது. புகையும் இருக்கக் கூடாது. அது முடியலேன்னா இந்தக் குளிர்காலம் முழுக்க அவ வேற எங்கயாவது இருக்கட்டும். அடுத்த தடவை ஒன்பது நாள்ல முடியும்னு டாக்டரால சொல்ல முடியல."

வேறு எங்கேயாவது என்றால் அரிக்கா. நாட்டின் மறுகோடி. அவுதீலியோவின் அக்கா எர்சீரா அங்கேதான் இருந்தாள். குளிர் என்றால் என்னவென்று தெரியாத பாலைவனக் கடற்கரை. இரண்டு விமானம் மாற வேண்டும். செப்டம்பர் வரை பிள்ளை அங்கே, பெற்றவள் இங்கே. நாற்றுப் பண்ணை வேலையை விட்டுவிட்டு நோல்ஃபாவும் போக முடியாது. போனால் மர மில்லில் வேலை பார்க்கும் அவுதீலியோ ஒருவன் சம்பளத்தில் வீடு ஓடாது.

அரசாங்கம் வீடுகளுக்கு வெப்பக் காப்புப் போட்டுத் தந்துகொண்டிருந்தது. வெளிச்சுவரைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்குத் தெர்மாகோல் பலகை, கூரைக்குக் கீழே கண்ணாடிப் பஞ்சு, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. தெருவில் பதினோரு வீடுகளின் பெயர் பட்டியலில் வந்தது. நோல்ஃபாவின் பெயரும் வந்தது, பிறகு அடிக்கப்பட்டது. காரணம், மைலேன் பிறந்தபோது வீட்டுக்குப் பின்னால் அவுதீலியோ தானாகச் சேர்த்துக் கட்டிய படுக்கையறை. அதற்கு வரைபடம் இல்லை, அனுமதி இல்லை. காகிதத்தில் இல்லாத அறைக்குக் காப்புப் போட முடியாது. அந்த அறை ஒட்டிக்கொண்டிருக்கும்வரை மற்ற அறைகளுக்கும் முடியாது.

"இடிச்சுட்டா உடனே போட்டுத் தருவாங்களாம்," என்று அலுவலகத்திலிருந்து வந்து சொன்னாள் நோல்ஃபா.

"இடிச்சுட்டுப் பிள்ளைய எங்க படுக்க வைக்கிறது? அந்த அதிகாரியோட மேஜை டிராயர்லயா?" என்றான் அவுதீலியோ. அன்றைக்கே அவன் வேறொரு முடிவுக்கு வந்துவிட்டான்.

அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் எல்லாம் சுவருக்குள் மரத்தூள்தான். உள்பலகைக்கும் வெளிப்பலகைக்கும் நடுவே மரத்தூளைக் கொட்டி அடைத்தால் சூடு வெளியே போகாது. அவுதீலியோ படுக்கையறைக்கு உள்பக்கமாக இன்னொரு வரிசைப் பலகை அடித்தான். நடுவே இரண்டு சாண் இடைவெளி. ஈரமோ வாடையோ அறைக்குள் வராதபடி பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் விரித்தான். எல்லாம் சரியாகத்தான் செய்தான், மரத்தூளைத் தவிர.

காய்ந்த மரத்தூள் இப்போதெல்லாம் மில்லில் மிஞ்சுவதில்லை. விழுந்த சூட்டோடு, தூளை அழுத்தி எரிகட்டி செய்யும் தொழிற்சாலையின் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். சும்மா கிடைத்தது கொட்டகைக்குப் பின்னால் வருஷக்கணக்காக மழையில் ஊறிக் கிடந்த பழைய குவியல்தான். முதலாளியின் மாடுகள் குளிர்காலத்தில் அதன் மேல்தான் படுக்கும். அவுதீலியோ பதினாறு வண்டி அள்ளிக்கொண்டு வந்தான். நாலு நாளில் சுவர் வெதுவெதுத்தது. எட்டாம் நாள் தெருவே வந்து தொட்டுப் பார்த்தது.

தோன் சந்தாலியோ ரொட்டியைத் தின்றுவிட்டுப் போன பிறகு நோல்ஃபா படுக்கையறைக்கு வந்து, பலகை இடுக்கில் மூக்கை வைத்தாள். பிளாஸ்டிக்கையும் மீறி மெல்லிய ஒரு வாடை. புளித்த ஆப்பிள் சாறு போல.

அவளுக்கு அந்த வாடை தெரியும். நாற்றுப் பண்ணையில் எரு மேட்டைப் புரட்டுவது அவள் வேலை. சாணமும் மரத்தூளும் ஈரமும் சேர்ந்தால் மேடு தானாகச் சூடேறும். கையை உள்ளே விட்டால் சுடும். பனி விழுந்தால் மேட்டின் மேல் மட்டும் தங்காது. ஆறு வாரம், ஏழு வாரம். அப்புறம் உள்ளே இருப்பதெல்லாம் வெந்து முடிந்து, மேடு அமுங்கிச் சில்லிட்டுப் போகும்.

"அள்ளுறப்ப அது ஈரமா இருந்துச்சா?" என்று அன்று மாலை கேட்டாள்.

"லேசா."

"லேசான்னா?"

"அடியே, சுவர் சூடா இருக்கா இல்லையா?"

"சூடாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன விசாரணை?"

அவள் மேலே கேட்கவில்லை. அவன் உள்ளங்கைகள் இரண்டும் கொப்புளமாக இருந்தன. மைலேன் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பொம்மையின் முதுகையும் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

மறுவாரம் பமேலா வந்தாள். ஆஸ்பத்திரி கொடுத்திருந்த வெப்பமானி கட்டிலுக்கு மேல் தொங்கியது. தினமும் விடிகாலையில் நோல்ஃபா எண்ணைக் குறித்து வைத்திருந்த நோட்டைப் பமேலா புரட்டினாள். பதினெட்டு, பத்தொன்பது, பத்தொன்பது, பதினெட்டு. அவளும் சுவரைத் தொட்டாள். எல்லாரையும் போல அவளுக்கும் வாய் திறந்தது.

"எப்படிங்க இது?"

"மரத்தூள், சேன்யோரா. எங்கப்பா காலத்து வேலை," என்றான் அவுதீலியோ நெஞ்சை நிமிர்த்தி.

பமேலா நோல்ஃபாவைப் பார்த்துச் சிரித்தாள். "ரொம்ப நல்லதாப் போச்சு. ஜூன் கடைசியில மறுபடி வரேன். நோட்டை விடாம எழுதுங்க."

அந்தச் சிரிப்புக்கு எதிரே நின்றபோது, இது ஆறு வாரச் சூடுதான் என்ற வாக்கியம் நோல்ஃபாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? பமேலா நாளைக்கே டிக்கெட் போடச் சொல்வாள். சொல்லாவிட்டால் பிள்ளை இன்னும் ஆறு வாரம் இங்கே இருப்பாள். வாக்கியத்தை விழுங்கிவிட்டு, "மாத்தே குடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

மே மாதம் தோன் சந்தாலியோ வீட்டுக்குத் தெர்மாகோல் பலகை போட ஆட்கள் வந்தார்கள். கூடவே ரெனாத்தோ என்ற ஒரு பொறியாளர், தலைநகர் சந்தியாகோவிலிருந்து. வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடுகளைச் சுற்றிவந்தான். எங்கே சூடு வெளியே கசிகிறதோ அங்கே படத்தில் சிவப்பு; கசியாத இடத்தில் நீலம்.

"அப்படியே இந்தப் பக்கமும் ஒண்ணு புடிங்க," என்று தோன் சந்தாலியோ அவனை இழுத்துக்கொண்டு வந்தார். "இவன் வீட்டுச் சுவர் எங்க எல்லார் வீட்டையும் தூக்கிச் சாப்பிட்டுரும்."

ரெனாத்தோ வெளியில் நின்று படுக்கையறைச் சுவரைப் பிடித்தான். பிடித்ததைப் பார்த்தான். கேமராவைத் தட்டிவிட்டு மறுபடி பிடித்தான்.

"தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு மோசமா நான் எங்கயும் பார்த்ததில்ல. சுவர் முழுக்கச் சிவப்பு. வீட்டுச் சூடு மொத்தமும் வெளிய கொட்டுது."

"கொட்டலப்பா, விளையுது!" என்றான் அவுதீலியோ. "உள்ள போய்ப் பாரு. அடுப்புல நெருப்பே இல்ல."

ரெனாத்தோ உள்ளே போனான். அடுப்பைத் தொட்டான், ஆறிக் கிடந்தது. சுவரைத் தொட்டான், சுட்டது. கேமராவைப் பார்த்தான், அவுதீலியோவைப் பார்த்தான்.

"படிச்ச படிப்பெல்லாம் ஒரு சுவருகிட்ட தோத்துருச்சே தம்பி!" என்று தோன் சந்தாலியோ தொடையைத் தட்டினார்.

ரெனாத்தோ கோபப்படவில்லை. ஒரு ஆணியைப் பிடுங்கி, பலகையை விலக்கி, இடுக்கு வழியாக விரலை விட்டு, வெளியே எடுத்து முகர்ந்தான். பிறகு அவன் பேசியது அவுதீலியோவிடம் இல்லை. கதவோரம் நின்ற நோல்ஃபாவிடம்தான்.

"இது ஈரம், சேன்யோரா. அழுகுது. அந்தச் சூடுதான் இது. அழுகி முடிச்சதும் நின்னுரும். அப்புறம் ஈரச் சுவர் வெறுஞ்சுவரை விட மோசம். பனியில உறைஞ்சு, உள்ள இருக்கிற சூட்டை உறிஞ்ச ஆரம்பிச்சுரும். இப்பவே பிரிச்சு எல்லாத்தையும் வெளிய எடுத்துருங்க."

"எடுத்துட்டு? நீங்க வந்து தெர்மாகோல் போடுவீங்களா?"

"அது..." ரெனாத்தோ கழுத்தைச் சொறிந்தான். "அக்டோபர் பட்டியல்ல முயற்சி பண்ணலாம். அந்த ரூமுக்குக் காகிதம் வாங்கிட்டா."

அக்டோபரில் குளிர்காலமே முடிந்திருக்கும்.

அவன் போனபின் அவுதீலியோ ஆணியைத் திரும்ப அடித்தான், தேவைக்கு மேல் பலமாக. "மூணு வருஷம் படிச்சுட்டு வந்து சுவரை முகர்ந்து பார்க்கிறான். நாய்கூடத்தான் முகரும்."

"அவன் சொல்றது நிஜம்."

சுத்தியல் நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"பண்ணையில எரு மேடு இப்படித்தான் இருக்கும். எனக்கு அப்பவே தெரியும்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "அப்பவே தெரியுமா? தெரிஞ்சும் வாயைத் திறக்கலையா?"

"திறந்திருந்தா அவ இப்ப அரிக்காவுல இருப்பா."

அவுதீலியோ சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். சுவரைப் பிரிக்கலாம் என்று இருவருமே சொல்லவில்லை. இன்னும் சூடாகத்தானே இருந்தது.

ஜூன் எட்டாம் தேதி வெப்பமானியில் பதினேழு. அதற்குப் பிறகு சரசரவென்று இறங்கியது. பதினாறு. பதினைந்து. மரத்தூள் அமுங்கிப்போனதில் சுவரின் மேல்பாதி வெறும் கூடாகிவிட்டது; தட்டினால் பெட்டி போலச் சத்தம் வந்தது. கீழ்ப்பாதி ஈரத்தில் ஊதிப் பலகைகள் புடைத்தன. ஆணித் தலைகளில் காலையில் ஈர முத்து. மூலையில் மிளகு தூவியது போலக் கரும்பூஞ்சை. மைலேன் முதுகைச் சாய்க்க வந்தவள், தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"காய்ச்சல் போயிடுச்சும்மா."

"ஆமாடி கண்ணு."

"சுவர் செத்துப் போச்சா?"

"சுவரெல்லாம் சாகாது."

அடுத்த நாள் விடிகாலை நோல்ஃபா நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். வெப்பமானியைப் பார்த்தாள். பிறகு அதைப் பார்க்காமல் பதினெட்டு என்று எழுதினாள். அவள் தோளுக்குப் பின்னால் போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மைலேன் பாலர் பள்ளியில் எண்கள் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

"அம்மா, அது ஒண்ணும் நாலும்."

"எது?"

"அங்க தொங்குதுல்ல, அது. ஒண்ணு, நாலு. நீ ஒண்ணு, எட்டு எழுதியிருக்க."

"அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலடா," என்றாள் நோல்ஃபா. ஆனால் அதை அடித்துத் திருத்தவில்லை.

ஜூன் மூன்றாவது வாரம் காற்று நின்றது. காற்று நின்றால் ஊரின் புகை முழுவதும் பள்ளத்தாக்கில் மூடி போட்டதுபோலத் தங்கிவிடும். தெருமுனை தெரியவில்லை. சிவப்பு நாள் என்று வானொலி அறிவித்தது. சிவப்பு நாளில் யாரும் விறகு எரிக்கக் கூடாது. புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டு அதிகாரிகளின் வண்டி தெருத்தெருவாகப் போகும். வருஷத்திலேயே மிகக் குளிரான நாட்கள்தான் சிவப்பு நாட்களாகவும் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அது ஐந்து நாள் நீண்டது.

தோன் சந்தாலியோவின் வீட்டுக்கு இப்போது வெள்ளைத் தெர்மாகோல் மேல் புதுப் பலகை. ஒரு சின்ன மின் ஹீட்டரிலேயே அவர் வீடு கதகதத்தது. முதல் நாளே வந்து கதவைத் தட்டினார். இந்த முறை கேலி இல்லை.

"பிள்ளைய எங்க வீட்டுக்கு அனுப்பு, நோல்ஃபா. மூலையில கிடந்துட்டுப் போறா."

அனுப்பினாள். ஆனால் அங்கே அவருடைய மகன், மருமகள், அவர்களுடைய மூன்று குழந்தைகள். மூன்றுக்கும் சளி. மூன்றாம் நாள் மைலேனும் இருமிக்கொண்டு திரும்பி வந்தாள்.

நான்காம் நாள் மதியம் அவுதீலியோ கடப்பாரையை எடுத்தான். உள்பலகையை நெம்பினான். பலகை பிளந்ததும் கறுப்புக் கட்டிகளாக மரத்தூள் சரிந்து விழுந்தது. சில கட்டிகள் உறைந்து பாறையாகியிருந்தன. கோடரியால் வெட்ட வேண்டியிருந்தது. அள்ளி அள்ளி முற்றத்தில் கொட்டினான். மாலைக்குள் சுவர் காலியாகிவிட்டது. வெளிப்பலகைகளின் இடுக்கு வழியே தெருவிளக்கு வெளிச்சம் கீற்றுக் கீற்றாக அறைக்குள் விழுந்தது.

"இப்ப இதுக்குள்ள என்ன போடறது?" என்று கேட்டாள் நோல்ஃபா.

அவன் மில்லுக்குப் போன் செய்தான். காய்ந்த தூள் ஆகஸ்டுவரை தொழிற்சாலைக்குப் பேசப்பட்டுவிட்டது என்றார்கள். தெர்மாகோல் ஆட்களின் வண்டியில் மிச்சம் துண்டு இருக்குமா என்று தோன் சந்தாலியோ கேட்டுப் பார்த்தார். அவர்கள் அடுத்த ஊருக்குப் போயிருந்தார்கள். கடைசியில் இருவரும் சேர்ந்து பழைய கோட்டுகள், முட்டை அட்டைகள், கிழிந்த கம்பளிகள், மைலேனுக்குச் சின்னதாகிப்போன துணிகள், எல்லாவற்றையும் சுவருக்குள் திணித்தார்கள். பாதிச் சுவர்கூட நிறையவில்லை. நோல்ஃபா ஒரு சின்ன மஞ்சள் ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது போட்டது. அதையும் திணித்தாள்.

அடுத்த அறையில் மைலேன் இருமினாள். காய்ந்த இருமல் இல்லை அது. அடியிலிருந்து வரும், முடிவில் மூச்சு விசில் அடிக்கும் இருமல். இருவரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அது மறுபடி வந்தது.

"அக்காவுக்குப் போன் போடு," என்றான் அவுதீலியோ சுவரைப் பார்த்தபடி.

"நீ போடு. உன் அக்காதானே."

"என்னால முடியாது, நோல்ஃபா."

அவள்தான் போட்டாள். எர்சீரா எடுத்ததும், "நான் வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். நோல்ஃபா, "ம்," என்றாள்.

எர்சீரா இரண்டாம் நாள் வந்து இறங்கினாள். கோட்டு என்று அவள் போட்டிருந்ததைப் பார்த்து, மைலேன்கூட, "அத்தை, இது சட்டை," என்றாள். ஜூன் கடைசிக்கு முன்னாலேயே பமேலாவும் வந்தாள். பிரிந்து கிடந்த சுவரைப் பார்த்தாள். நோட்டைப் புரட்டினாள். கடைசிப் பத்து நாளும் பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. நோட்டை மூடி நோல்ஃபாவின் கையில் வைத்து, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நோல்ஃபாவுக்குத் தோன்றியது.

விமான நிலையத்துக்குப் போகும் வேனில் மைலேன் ஜன்னலோரம் ஏறிக்கொண்டாள். அவளுக்கு விமானம் என்ற சந்தோஷம். "எத்தனை தடவை தூங்கினா வரலாம்?" என்று கேட்டாள். அவுதீலியோ விரல்களைக் காட்டப் போனான். பத்து விரல் போதாது என்று தெரிந்து கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். எர்சீரா, "ரூம் சூடானதும் வரலாம்டி தங்கம்," என்றாள். வேன் கிளம்பியது.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. அன்று காற்று அடித்தது. புகை கலைந்து வானம் நீலமாக இருந்தது. அடுப்பு எரியலாம். இருந்தும் நோல்ஃபா படுக்கையறையில், கட்டிலில், கோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா! அத்தை எனக்கும் ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்தாங்க. இங்க ரெண்டும் நாலும்! ஜன்னல் தொறந்தே இருக்கு!"

"இருமல் இருக்கா கண்ணு?"

"இல்ல. அம்மா, அங்க எத்தனை?"

நோல்ஃபா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் ஒன்றும். பலகை இடுக்கில் மஞ்சள் ஸ்வெட்டரின் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இங்க ஒண்ணும் எட்டும்டா," என்றாள். பிள்ளை கவலைப்படக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னாள்.

மறுமுனையில் ஒரு கூச்சல். "ஒண்ணும் எட்டுமா! அப்ப நான் வரலாம்ல? அத்தை, அத்தை, வரலாமாம்! அம்மா, எப்ப வரட்டும்? நாளைக்கா?"

நோல்ஃபா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நீட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கையை ஒரு விரலால் இடுக்குக்குள் தள்ளினாள். அது உள்ளே போய், மறுபடி மெல்ல வெளியே வந்தது.

"அம்மா? கேக்குதா? அம்மா?"